உளவியல் சோதனையை வடிவமைப்பது எப்படி: ஸ்ட்ரூப் அட்டையை வைத்து ஒரு வழிகாட்டி

மூன்றாம் ஆண்டு பிள்ளைகள் புராஜெக்ட் தலைப்போடு என் மேசைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே மாதிரித் தலைப்புகள்தான் வரும். சமூக ஊடகமும் மன அழுத்தமும், செல்போனும் தூக்கமும், தன்னம்பிக்கையும் மதிப்பெண்ணும். இரண்டு வினாத்தாள், ஒரு கூகுள் ஃபார்ம், வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க், கடைசியில் ஓர் ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண். இதைக் குறை சொல்லவில்லை. நல்ல கணக்கெடுப்பு ஆய்வுக்கு அதற்கான இடம் உண்டு. ஆனால் செல்போன் அதிகம் பார்ப்பதால் தூக்கம் கெடுகிறதா, தூக்கம் வராததால் செல்போனை எடுக்கிறார்களா, இரண்டுக்கும் பின்னால் தேர்வு பயம் இருக்கிறதா என்று அந்தக் கெழு சொல்லாது. காரணம் தெரிய வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றை நாமே மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றிய அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அப்படியே இருந்தன என்றும் காட்ட வேண்டும். சோதனை என்பது இவ்வளவுதான். கடினமெல்லாம் அந்த இரண்டாவது பாதியில் இருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். முதல் முறையாகச் சோதனை செய்யப்போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஸ்ட்ரூப் சோதனையைத்தான்: ஒரு நிறத்தின் பெயரை வேறு நிற மையில் அச்சிட்டுக் கொடுத்து, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது. செலவு இல்லை, கருவி வேண்டாம், விளைவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியது. அதைவிட முக்கியமான காரணம், வடிவமைப்பில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தச் சின்ன அட்டையிலேயே வந்துவிடும். ஆகவே பொதுவாகப் பேசாமல், ஒரு ஸ்ட்ரூப் ஆய்வைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை எப்படிக் கட்டுவது என்று சொல்கிறேன். உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் கேள்விகள் இவையேதான்.

1935-இல் ஸ்ட்ரூப் செய்தது

ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஜார்ஜ் பீபாடி கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு இது. 1935-இல் வெளியானது. சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டுக் கொடுத்து, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். இது எல்லாருக்கும் தெரியும். பலர் படிக்காமல் விடுவது அவர் அந்த அட்டையைத் தயாரித்த விதத்தை.

ஐந்து நிறங்கள். ஒவ்வொரு சொல்லும் மற்ற நான்கு நிறங்களிலும் சம எண்ணிக்கையில் அச்சாகியிருந்தது. தன் சொந்த நிறத்தில் எந்தச் சொல்லும் இல்லை. ஒரு நிறத்தையடுத்து அதே நிறம் வராது. மொத்தம் 100. ஒப்பிடுவதற்கு, அதே வரிசையில் சொற்களுக்குப் பதிலாக வண்ணச் சதுரங்கள் கொண்ட இன்னோர் அட்டை. பங்கேற்றவர்களில் பாதிப் பேர் ஒரு வரிசைக்கிரமத்தில் அட்டைகளைச் செய்தார்கள், மீதிப் பாதி அதைத் தலைகீழாகச் செய்தார்கள்.

100 மாணவர்கள் செய்ததில் சதுரங்களின் நிறத்தைச் சொல்ல சராசரியாக 63.3 வினாடி ஆனது. முரண்பட்ட சொற்களின் நிறத்தைச் சொல்ல 110.3 வினாடி. 74 சதவீதம் கூடுதல். இதற்கு முன்னால் வேறு 70 பேரை வைத்து மறுபக்கத்தையும் பார்த்திருந்தார்: மையின் நிறத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் வாசிக்கச் சொன்னால், கறுப்பு மையில் 41.0 வினாடி, முரண்பட்ட நிறத்தில் 43.3 வினாடி. வித்தியாசம் மிகச் சிறியது. இந்த முதல் பாதி இல்லாவிட்டால் இரண்டாவது பாதிக்கு மதிப்புக் குறைவு. "பல நிறம் கலந்த அட்டையைப் பார்த்தாலே கண் குழம்பும், அதனால்தான் தாமதம்" என்று ஒருவர் சொன்னால் பதில் இருந்திருக்காது. அதே மாதிரி அட்டையை வாசிக்கும்போது பெரிய தாமதம் இல்லை என்பதால் அந்த விளக்கம் அடிபட்டுப்போகிறது.

என் வகுப்பில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இதிலிருந்து வந்ததுதான்: இந்த முடிவு வேறு எதனாலாவது வந்திருக்கலாமா? வடிவமைப்பின் ஒவ்வொரு படியிலும் அதைக் கேளுங்கள்.

கேள்வியை ஒடுக்குவது

"மொழி சிந்தனையை எப்படிப் பாதிக்கிறது" என்று ஒரு மாணவி வந்தால், அதை ஆய்வு செய்ய ஓர் ஆயுள் வேண்டும் என்று சொல்வேன். அவள் உண்மையில் கேட்க நினைப்பது என்ன என்று பேசிப் பார்த்தால் பெரும்பாலும் அழகான ஒரு கேள்வி வெளியே வரும். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கில வழிக்கு வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ்ச் சொல்லை வாசிக்காமல் இருப்பது கடினமா, ஆங்கிலச் சொல்லை வாசிக்காமல் இருப்பது கடினமா? ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு இது மாறுமா?

இது நல்ல கேள்வி. இரண்டு பதிலும் வரக்கூடும், எது வந்தாலும் அர்த்தம் இருக்கும். இனி இதை எண்ணாக்க வேண்டும். எழுதியிருக்கும் சொல் நிறத்தைச் சொல்வதற்குத் தடையாக வருவதைக் "குறுக்கீடு" என்று சொல்கிறோம். அது எந்த எண்? 48 சொற்கள் கொண்ட முரண்பட்ட அட்டையை முடிக்க ஆன வினாடியிலிருந்து, 48 சதுரங்கள் கொண்ட சாதா அட்டையை முடிக்க ஆன வினாடியைக் கழித்தால் வருவது. இப்படி எழுதிவிட்டால் படிக்கிற யாரும் அதே எண்ணைத் தாங்களே எடுத்துவிடலாம். கருதுகோளையும் அந்த எண்ணை வைத்தே எழுதுங்கள்: தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ் அட்டைகளில் வரும் குறுக்கீடு, ஆங்கில அட்டைகளில் வருவதைவிட அதிகமாக இருக்கும். அது பொய்யாக இருந்தால் எண்கள் எப்படித் தெரியும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அப்படி எழுத முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் தயாராகவில்லை.

எதை மாற்றினோம், எது தானாக வந்தது

இந்த ஆய்வில் இரண்டு மாறிகள் இருக்கின்றன, ஆனால் இரண்டும் ஒரே வகை இல்லை. அட்டையின் மொழியை நாம் மாற்றுகிறோம். ஒரே ஆளிடம் தமிழ் அட்டையையும் கொடுக்கலாம், ஆங்கில அட்டையையும் கொடுக்கலாம். பயிற்று மொழியை நாம் மாற்றவில்லை. அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது என்பது நாம் வருவதற்குப் பல வருடம் முன்பே முடிந்துபோன விஷயம்.

தமிழ் வழி, ஆங்கில வழி என்று இரண்டு குழுவாகப் பிரிக்கிற நொடியிலேயே கூடவே என்னென்ன வருகிறது என்று பாருங்கள். ஊரா நகரமா, அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா, வீட்டில் முதல் பட்டதாரியா, வீட்டுக்குச் செய்தித்தாள் வருகிறதா, எந்த மொழிச் செய்தித்தாள், கணினித் திரையோடு எத்தனை வயதில் பழக்கம், அந்நிய ஆசிரியர் முன்னால் வாய்விட்டுப் பேசும் கூச்சம். குழுக்களுக்கு இடையே வித்தியாசம் வந்தால் இதில் எதுவும் காரணமாக இருக்கலாம். ஆகவே முடிவுரையில் "பயிற்று மொழி குறுக்கீட்டை அதிகரிக்கிறது" என்று எழுதக் கூடாது. "தமிழ் வழியில் படித்தவர்களிடம் குறுக்கீடு அதிகம் காணப்பட்டது" என்பது வரைதான் உங்களுக்கு உரிமை இருக்கிறது. இதைப் பாதிச் சோதனை என்றுதான் வகைப்படுத்த வேண்டும். வைவாவில் எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், முதலில் கை வைப்பதும் இங்கேதான்.

ஓரளவு உதவக்கூடிய ஒரு வழி உண்டு. பயிற்று மொழி என்ற பெயர்ப்பலகையோடு நிற்காமல், ஒவ்வொருவரும் கறுப்பு மையில் அச்சிட்ட தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் எவ்வளவு வேகமாக வாசிக்கிறார்கள் என்று அளந்துகொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை. வாசிப்பு வேகத்துக்கும் குறுக்கீட்டுக்கும் உறவு இருந்தால், பள்ளியின் பெயரைவிட அது உங்கள் கேள்விக்கு நெருக்கமான தகவல்.

அட்டை செய்வது

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஒரே மாலையில் முடிக்கிற வேலை இல்லை.

நான்கு நிறங்கள் போதும்: சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். ஊதாவைச் சேர்க்காதீர்கள். நம் ஊரில் ஒருவருக்கு ஊதா என்றால் கத்தரிப்பூ நிறம், இன்னொருவர் நீலத்தையே ஊதா என்பார். எது சரி, எது பிழை என்று குறிக்க முடியாமல் போகும். ரோஸும் வேண்டாம், சிவப்போடு குழம்பும்.

நான்கு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் தன்னுடையதல்லாத மூன்று நிறங்கள். 12 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் நான்கு முறை வந்தால் 48. ஆறு பத்தி, எட்டு வரிசை, ஒரு ஏ4 தாளில் அடங்கும். எக்செலில் ஜோடிகளை எழுதி, பக்கத்துப் பத்தியில் சமவாய்ப்பு எண் போட்டு வரிசைப்படுத்துங்கள். அப்புறம் ஒரே நிறம் அடுத்தடுத்து வரும் இடங்களைக் கண்ணால் பார்த்து மாற்றுங்கள். முந்தைய சொல்லே அடுத்த மையின் நிறமாக வரும் இடங்களையும் கவனியுங்கள். உதாரணமாக, முதலில் நீலம் என்ற சொல் சிவப்பு மையில், அடுத்து பச்சை என்ற சொல் நீல மையில். முந்தைய இடத்தில் ஒதுக்கித்தள்ளிய சொல்லையே உடனே சொல்ல வேண்டி வருவதால் தாமதம் கூடும். இதை முழுக்கத் தவிர்க்க முடியாது. தமிழ் அட்டையிலும் ஆங்கில அட்டையிலும் சம எண்ணிக்கையில் வரும்படி செய்தால் போதும். இதற்கு எளிய வழி, இரண்டு மொழி அட்டைகளுக்கும் ஒரே வரிசையைப் பயன்படுத்துவது.

வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து தெரியாது. பின்புலத்தை நடுத்தரச் சாம்பல் நிறமாக வையுங்கள். எல்லா அட்டையையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பிரிண்டரில் எடுங்கள். லேமினேட் செய்தால் டியூப்லைட் பளிச்சென்று அடிக்கும், வேண்டாம். தமிழ் எழுத்து அகலம் அதிகம் என்பதால் எழுத்தின் உயரத்தை மட்டும் சமமாக வைத்தால் தமிழ்ச் சொல்லில் வண்ணப் பரப்பு கூடிவிடும். பார்வைக்குச் சமமாகத் தெரியும்படி இரண்டையும் சரிசெய்து, என்ன செய்தீர்கள் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுங்கள்.

இனி பதில் சொல்லும் மொழி. இதை யோசிக்காமல் விட்டால் ஆய்வு முழுவதும் வேறொரு கேள்விக்குப் பதிலாகிவிடும். எல்லா அட்டைக்கும் தமிழிலேயே நிறத்தைச் சொல்லச் சொன்னால், தமிழ் அட்டையில் குறுக்கிடும் சொல்லும் பதிலும் ஒரே மொழி, ஆங்கில அட்டையில் வேறு மொழி. அப்போது தமிழ் அட்டையில் தாமதம் அதிகம் வந்தால் தமிழ் வாசிப்பு அதிகப் பழக்கமானது என்பதால் வந்ததா, ஒரே மொழி என்பதால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஆகவே தமிழ் அட்டைக்குத் தமிழில் பதில், ஆங்கில அட்டைக்கு ஆங்கிலத்தில் பதில் என்று வையுங்கள். ஆனால் "சிவப்பு" என்று சொல்ல "ரெட்" என்று சொல்வதைவிட நேரம் பிடிக்கும். இதற்காகத்தான் சாதா அட்டையும் இரண்டு: வண்ணச் சதுரங்களின் நிறத்தைத் தமிழில் சொல்ல ஒன்று, ஆங்கிலத்தில் சொல்ல ஒன்று. அந்தந்த மொழிக்குள்ளேயே கழிக்கும்போது உச்சரிக்க ஆகும் நேரம் இரண்டு பக்கமும் இருப்பதால் நீங்கிவிடும்.

சொல்லும் நிறமும் பொருந்துகிற அட்டையை ஒப்பீட்டுக்கு வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அதில் நிறத்தைப் பார்க்காமல் சொல்லை வாசித்தே சரியான பதில் சொல்லிவிடலாம். யார் எதைச் செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. முதல் ஆய்வுக்கு வேண்டாம்.

ஒரே ஆட்களா, வேறு வேறு ஆட்களா

மனிதர்களுக்குள் வேக வித்தியாசம் அதிகம். ஒருவர் சதுர அட்டையை 28 வினாடியில் முடித்தால் இன்னொருவர் 45 எடுப்பார். ஆகவே ஒரே ஆள் நான்கு அட்டையையும் செய்வதுதான் இங்கே நல்லது, ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடாக இருப்பார்கள். இதற்கு நாம் கொடுக்கும் விலை வரிசை. முதலில் செய்த அட்டையில் பழக்கம் இருக்காது, கடைசி அட்டையில் சலிப்பு இருக்கும்.

அட்டைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர் வையுங்கள். நான்கு வரிசைகள்:

அ ஆ ஈ இ
ஆ இ அ ஈ
இ ஈ ஆ அ
ஈ அ இ ஆ

எந்த அட்டையும் எல்லா இடத்திலும் ஒரு முறை வருகிறது. எந்த அட்டைக்குப் பின்னாலும் மற்ற ஒவ்வோர் அட்டையும் சரியாக ஒரு முறை வருகிறது. சரிபார்த்துக்கொள்ளுங்கள். பங்கேற்பாளர் எண்ணிக்கை ஒவ்வொரு குழுவிலும் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

யாருக்கு எந்த வரிசை என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். வந்த வரிசையில் கொடுப்பது சமவாய்ப்பு ஆகாது. காலையில் முதலில் வருகிறவர்கள் ஹாஸ்டல் பிள்ளைகள், பஸ்ஸில் வருகிறவர்கள் பிற்பாடுதான் வருவார்கள். நான்கு வரிசைச் சீட்டுகளையும் உறையில் போட்டுக் குலுக்கி, நான்கும் தீர்ந்த பிறகு மறுபடி நிரப்புங்கள். 1884-இல் சார்லஸ் பீர்ஸும் ஜோசப் ஜாஸ்ட்ரோவும் எடை வித்தியாசத்தைக் கை உணருமா என்று சோதித்தபோது, எந்த முறை எடையைக் கூட்டுவது, எந்த முறை குறைப்பது என்பதைச் சீட்டுக்கட்டைக் குலுக்கித்தான் முடிவு செய்தார்கள். இன்றைக்கும் சீட்டுக்கட்டு போதும்.

எத்தனை பேர்

"முப்பது பேர் இருந்தால் போதும்" என்று ஒரு வாய்மொழி விதி எல்லாக் கல்லூரியிலும் சுற்றுகிறது. அதற்கு அடிப்படை இல்லை. எத்தனை பேர் வேண்டும் என்பது நீங்கள் தேடும் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. புள்ளியியலில் ஜேக்கப் கோயன் வகுத்த அளவில், அதாவது சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் வரும் எண்ணில், நடுத்தரம் என்பது 0.5. அந்த அளவு வித்தியாசம் உண்மையில் இருந்து, அதை 80 சதவீத வாய்ப்பில் கண்டுபிடிக்க வேண்டுமானால், ஒரே ஆட்களை ஒப்பிடும்போது 34 பேர் வேண்டும். இரண்டு தனிக் குழுக்களை ஒப்பிடும்போது குழுவுக்கு 64 பேர். சிறிய வித்தியாசமான 0.2 என்றால் குழுவுக்கு ஏறக்குறைய 394.

ஸ்ட்ரூப் விளைவு பெரியது. முரண்பட்ட அட்டை தாமதமாகும் என்பதைக் காட்ட ஒரு சின்ன வகுப்பே போதும். ஆனால் நம் கேள்வி அது இல்லை. இரண்டு மொழிக் குறுக்கீடுகளுக்கு இடையிலான வித்தியாசம், அந்த வித்தியாசம் இரண்டு குழுவிலும் வேறுபடுகிறதா என்பது. வித்தியாசத்தின் வித்தியாசம் எப்போதும் சிறியது, ஆட்கள் அதிகம் வேண்டும். குழுவுக்கு 64 பேர் கிடைக்க மாட்டார்கள் என்றால் குழு ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். தமிழ் வழியில் படித்த 36 பேரை மட்டும் எடுத்து, தமிழ் அட்டைக்கும் ஆங்கில அட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். அரைகுறையான பெரிய ஆய்வைவிட முழுமையான சிறிய ஆய்வை நான் நூறு மடங்கு விரும்புவேன். கணக்குப் போட ஜி-பவர் என்ற மென்பொருள் இலவசம்.

சோதனை செய்கிறவர்தான் பெரிய ஆபத்து

பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் காலால் தட்டிச் சரியான விடை சொல்லும். ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் பொறுமையாகச் சோதித்து 1907-இல் எழுதினார்: கேட்கிறவருக்கு விடை தெரிந்திருந்து, குதிரைக்கு அவரைப் பார்க்கவும் முடிந்தால் மட்டும்தான் விடை சரியாக வருகிறது. சரியான எண் வந்ததும் கேட்கிறவரின் தலை தன்னை அறியாமல் லேசாக அசைகிறது, குதிரை அதைப் பார்த்து நிறுத்துகிறது. 1963-இல் ராபர்ட் ரோசந்தாலும் கெர்மிட் ஃபோடும் மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்து, சிலருக்கு இவை புத்திசாலி எலிகள் என்றும் சிலருக்கு மந்தமான எலிகள் என்றும் சொன்னார்கள். எலிகளுக்குள் அப்படி எந்த வித்தியாசமும் இல்லை, சமவாய்ப்பில்தான் பிரித்திருந்தார்கள். புத்திசாலி என்று சொல்லிக் கொடுத்த எலிகள் புதிர்ப்பாதையில் நன்றாக ஓடின.

குதிரைக்கும் எலிக்கும் தெரிகிறதென்றால் எதிரே உட்கார்ந்திருக்கும் தோழிக்குத் தெரியாமல் போகுமா? ஸ்டாப்வாட்ச் வைத்திருக்கும் உங்கள் கட்டைவிரலும் உங்கள் கருதுகோளை அறியும். இரண்டு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, அறிவுறுத்தலை ஒரு தாளில் எழுதி, எல்லாருக்கும் அதையே வாசியுங்கள். எழுத்துத் தமிழில் வேண்டாம், வாயில் வரும் தமிழிலேயே எழுதுங்கள். என் மாணவர்கள் பயன்படுத்துவது: "இந்த அட்டையில எழுத்து என்ன கலர்ல இருக்கோ அந்தக் கலரை மட்டும் தமிழ்ல சொல்லுங்க. எழுதியிருக்கிற வார்த்தைய வாசிக்க வேண்டாம். இடப்பக்கத்துல இருந்து வலப்பக்கம், வரிசை வரிசையா போங்க. முடிஞ்ச அளவு வேகமா, ஆனா தப்பில்லாம. தப்பு வந்துட்டா திருத்திச் சொல்லிட்டு மேல போங்க." ஊக்கப்படுத்தும் சொல், தலையாட்டல், சிரிப்பு எதுவும் நடுவில் கூடாது. பங்கேற்பாளரின் பக்கவாட்டில், பார்வைக்கு வெளியே உட்காருங்கள்.

இரண்டாவது, ஸ்டாப்வாட்சை நம்பாமல் செல்போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். பிறகு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் முதல் சொல் தொடங்கும் இடமும் கடைசிச் சொல் முடியும் இடமும் அலைவடிவில் தெரியும். அதிலிருந்து நேரத்தை எடுங்கள். கோப்புகளுக்கு வெறும் எண் மட்டும் கொடுத்து, ஆய்வின் கருதுகோள் தெரியாத வகுப்புத் தோழர் ஒருவரை அளக்கச் சொன்னால் இன்னும் நல்லது. குரலைக் கேட்டால் மொழி தெரிந்துவிடும், ஆனால் எந்தப் பக்கம் முடிவு வர வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. பிழைகளையும் இதிலேயே எண்ணலாம். வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள், தப்பைப் பொருட்படுத்தாமல் ஓடுகிறவருக்கு நேரம் குறைவாகத்தான் வரும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக மில்லிவினாடி வேண்டுமென்றால் சைக்கோபை என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கூகுள் ஃபார்மில் எதிர்வினை நேரம் அளக்க முடியாது.

முன்னோட்டமும் ஒப்புதலும்

நாலைந்து நண்பர்களை வைத்து முழுவதையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அவர்கள் தரவைப் பிரதான ஆய்வில் சேர்க்கக் கூடாது. முடிந்ததும், "நான் என்ன கண்டுபிடிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டால் அறிவுறுத்தலில் ஏதோ கசிகிறது. மின்விசிறிச் சத்தத்தில் பதிவு தெளிவாக இருக்கிறதா, மஞ்சளும் பச்சையும் அந்த அறை வெளிச்சத்தில் பிரிந்து தெரிகிறதா என்பதெல்லாம் இங்கேதான் தெரியவரும்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். எவ்வளவு நேரம் ஆகும், குரல் பதிவாகும், பதிவை யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும், எந்த நேரத்திலும் எழுந்து போகலாம், போனால் எந்தப் பாதிப்பும் இல்லை. ஜூனியர் பிள்ளைகளை வகுப்பாசிரியர் மூலம் வரிசையாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது ஒப்புதல் இல்லை. 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் கையெழுத்தும் அந்தப் பிள்ளையின் சம்மதமும் இரண்டுமே வேண்டும். முதலாம் ஆண்டில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள், மறந்துவிடக் கூடாது.

நிறப் பார்வை பற்றி ஒரு வார்த்தை. சிவப்பும் பச்சையும் பிரித்தறியச் சிரமப்படுகிறவர்கள், குறிப்பாக ஆண்களில், எந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அவர்களில் சிலருக்கு அதுவரை அது தெரிந்தே இருக்காது. தொடங்கும் முன் நான்கு நிறச் சதுரங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் தடுமாறினால் மற்றவர் முன்னால் எதுவும் சொல்லாதீர்கள். சோதனையை வழக்கம்போல நடத்தி, நன்றி சொல்லி அனுப்பி, அந்தத் தரவை மட்டும் ஒதுக்கிவையுங்கள். கண் மருத்துவரைப் பார்க்கலாம் என்று பிறகு தனியாகச் சொல்லுங்கள்.

முதல் ஆள் வருவதற்கு முன்னால் எழுதிவைக்க வேண்டியவை

எந்தத் தரவை நீக்குவீர்கள்? எத்தனை பிழைக்கு மேல் போனால்? நடுவில் செல்போன் அடித்தால்? குறுக்கீட்டை வினாடி வித்தியாசமாக எடுப்பீர்களா, சதவீதமாகவா? 30 வினாடி ஆளுக்கு 10 வினாடி கூடுவதும் 50 வினாடி ஆளுக்கு 10 வினாடி கூடுவதும் ஒன்றா? எத்தனை பேரோடு நிறுத்துவீர்கள்? எந்தப் புள்ளியியல் சோதனை, எந்த ஒப்பீடு?

இதையெல்லாம் தரவைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் நேர்மையான ஆள்கூடத் தனக்குச் சாதகமான பக்கம் சாய்ந்துவிடுவார். 2011-இல் சிமன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் கணினியில் போட்டுக் காட்டினார்கள்: இப்படிப்பட்ட நான்கு சுதந்திரங்களைச் சேர்த்துப் பயன்படுத்தினால், இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்லும் வாய்ப்பு, நாம் நினைக்கும் 5 சதவீதத்திலிருந்து 61 சதவீதத்துக்குப் போய்விடும். 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த கூட்டு முயற்சியில், மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்ரீதியாக முக்கியத்துவம் உள்ள முடிவு என்று சொல்லியிருக்க, மறுபடி செய்ததில் 36 சதவீதம்தான் அப்படி வந்தது. அதில் பலரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல, நம்மைப்போல ஆவலோடு தரவைப் பார்த்தவர்கள்.

ஒரே ஒரு பக்கம் எழுதி ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க் தளத்தில் தேதியோடு பதிவு செய்யலாம், இலவசம். அது முடியாவிட்டால் கைடுக்கு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள். என் மாணவர்களிடம் அந்த மின்னஞ்சல் வராமல் அட்டைகளைக் கையில் கொடுப்பதில்லை.

எண்களைப் பார்ப்பது

ஒவ்வொருவருக்கும் இரண்டு எண் இருக்கும்: தமிழ்க் குறுக்கீடு, ஆங்கிலக் குறுக்கீடு. எந்தப் புள்ளியியல் சோதனையும் போடுவதற்கு முன் வரைபடம் போடுங்கள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம், ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு கோடு. பெரும்பாலான கோடுகள் ஒரே பக்கம் சாய்கின்றனவா, இரண்டு மூன்று பேர் மட்டும் சராசரியை இழுக்கிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும். சராசரியை மட்டும் போட்ட பட்டைப்படம் இதை மறைத்துவிடும்.

அப்புறம் ஜோடி டி-டெஸ்ட், அதாவது ஒரே ஆளின் இரண்டு எண்களை ஒப்பிடும் சோதனை. ஜாஸ்ப் (JASP), ஜமோவி என்ற மென்பொருள்களில் ஒன்றில் போடலாம். இரண்டும் இலவசம். பி மதிப்பை (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பை) மட்டும் எழுதாதீர்கள், வித்தியாசம் எத்தனை வினாடி, அதன் 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பது) என்ன, விளைவளவு (கோயன் அளவில் எவ்வளவு என்பது) என்ன என்று எழுதுங்கள். இரண்டு குழுக்களும் இருந்தால், "தமிழ் வழிக் குழுவில் வித்தியாசம் வந்தது, ஆங்கில வழிக் குழுவில் வரவில்லை, ஆகவே குழுக்கள் வேறுபடுகின்றன" என்று எழுதும் பிழையை நான் வருடாவருடம் பார்க்கிறேன். ஒன்றில் வந்து இன்னொன்றில் வராததே குழுக்கள் வேறுபடுவதற்குச் சான்று ஆகாது. ஒவ்வொருவருக்கும் தமிழ்க் குறுக்கீட்டிலிருந்து ஆங்கிலக் குறுக்கீட்டைக் கழித்து, வரும் அந்த ஒற்றை எண்ணை இரண்டு குழுவுக்கும் நேரடியாக ஒப்பிட வேண்டும்.

வித்தியாசம் வரவில்லை என்றால் அழாதீர்கள், மறைக்கவும் வேண்டாம். நம்பக இடைவெளி மைனஸ் 1 வினாடியிலிருந்து பிளஸ் 1.5 வினாடி வரை என்று வந்திருந்தால், பெரிய வித்தியாசம் இருக்க வாய்ப்பில்லை என்று தைரியமாக எழுதலாம். மைனஸ் 9 முதல் பிளஸ் 12 வரை என்றால், இந்த ஆய்வு எதையும் சொல்ல முடியவில்லை என்று எழுதுங்கள். இரண்டும் ஒரே "முக்கியத்துவம் இல்லை" அல்ல. எக்ஸ்டர்னல் கேட்டால் நம்பக இடைவெளியைக் காட்டிப் பேசுங்கள்.

ரெக்கார்டோடு மூன்று பொருள்களை ஒப்படையுங்கள்: அட்டைகளின் பிடிஎஃப், வாசித்த அறிவுறுத்தல் தாள், பெயர் நீக்கிய மூலத் தரவு. தரவுத்தாளில் ஒவ்வொரு பத்திக்கும் என்ன பொருள், எந்த அலகு என்று தனித் தாளில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இதற்கென்றே ஓர் அலமாரித் தட்டு இருக்கிறது. அடுத்த பேட்ச் புராஜெக்ட் தொடங்கும்போது முதல் வேலையாக அதிலிருந்து ஒன்றை எடுத்து, அதே அட்டைகளோடு, எழுதியவரிடம் எதுவும் கேட்காமல் செய்து பார்ப்பார்கள்.